சரளம் நின்ற நாள்

வடிவுக்குப் புது மென்பொருள் எதுவும் சட்டென்று பிடிக்காது. தூத்துக்குடியில் வீடு வீடாகப் போய்ப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது அவள் தொழில். பக்கவாதம் வந்தவர்கள், நரம்பு நோயில் நாக்கு செயலற்றுப் போனவர்கள் என்று பலரையும் பார்த்தவள். மண்டைக்குள் ஒரு சில்லைப் பொருத்தி, பேச நினைப்பதை மூளையிலிருந்தே படித்துக் குரலாக்கும் வசதி வந்த பிறகு, அவள் வேலையில் பாதியை ‘சரளம்’ என்ற மென்பொருள் எடுத்துக்கொண்டது. அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் முகமே மலர்ந்துவிடும். “மத்ததெல்லாம் திக்கும், முழுங்கும். சரளம் மனுஷன மாதிரி பேசும்” என்பாள்.

சரளத்தை உருவாக்கிய நிறுவனத்தை இன்னொரு பெரிய நிறுவனம் வாங்கியது. வாங்கிய கையோடு, ஜூன் கடைசியில் சரளம் நிறுத்தப்படும், எல்லாரும் தங்கள் மென்பொருளான ‘நேர்மொழி’க்கு மாறிக்கொள்ளவும் என்று அறிவித்துவிட்டார்கள். வடிவு திட்டித் தீர்த்தாள். பிறகு வேறு வழியில்லாமல் தன் நோயாளிகள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் மாற்றக் கிளம்பினாள். முதலில் போனது கேப்டன் வீட்டுக்கு.

கேப்டன் என்றால் செலஸ்டின் மச்சாது. துறைமுகத்தில் பெரிய கப்பல்களைக் கரைக்கு இழுத்து வரும் இழுவைப் படகை ஓட்டியவர். நரம்புகள் ஒவ்வொன்றாகத் தசைகளைக் கைவிடும் நோய் அவருக்கு வந்தது. கை போயிற்று, கால் போயிற்று, பிறகு பேச்சும் போயிற்று. துறைமுகத்து வயர்லெஸ் பதிவுகளிலிருந்து அவர் குரலைத் திரட்டி, சில்லோடு சரளத்தை இணைத்தவள் வடிவுதான். கட்டிலருகே வைத்த டேப்லெட்டிலிருந்து அந்தக் கரகரத்த குரல் முதன்முதலாக “அமலி, பயந்துட்டியா?” என்று கேட்டபோது, அவர் மனைவி அமலோற்பவம் வடிவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து வடிவு அந்த வீட்டில் ஒருத்தி.

அதைவிடவும் வடிவு பெருமையாக நினைத்தது ஒன்று உண்டு. மறுவருடம் கேப்டனுக்கு மூச்சுத் தசைகளும் தளர்ந்தன. மருத்துவமனையில் டாக்டர் பெல்லார்மின் கட்டிலருகே நின்று சொன்னார்.

“கேப்டன், கழுத்துல துளை போட்டு மூச்சுக்கு மிஷின் வைக்கலாம். வச்சா வருஷக்கணக்குல இருப்பீங்க. வேண்டாம்னா, வலி தெரியாம பாத்துக்குவோம். முடிவு உங்களோடது.”

டேப்லெட்டைப் பிடித்திருந்தவள் வடிவு. கேப்டனின் குரல் தெளிவாக வந்தது: “போடுங்க டாக்டர். அமலிய விட்டுட்டுப் போக எனக்கு இன்னும் மனசு வரல.”

நர்ஸ்கூட மூக்கை உறிஞ்சினாள். கேப்டன் இமைகளை இறுக்கி மூடிக்கொண்டிருப்பதைப் பார்த்து, கண் எரிகிறதென்று நினைத்து, “சிஸ்டர், சொட்டு மருந்து போடுங்க” என்று வடிவு சொன்னாள். அவர் சம்மதித்ததற்குச் சாட்சியாகக் கையெழுத்தும் போட்டாள். அதற்குப் பிறகு ஐந்து வருடம் ஓடிவிட்டது. இப்போது இமைகளும் அசைவதில்லை. உடம்பில் உணர்ச்சி மட்டும் அப்படியே இருந்தது. தொட்டால் தெரியும், குத்தினால் வலிக்கும்.

வடிவு போய்ச் சேர்ந்தபோது அமலி மீன் வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கே மாத்தணுமா வடிவு? மாசக் கடைசி வரை ஓடும்னு சொன்னியே.”

“ஓடும்க்கா. புதுசு பழகுற வரைக்கும் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும். ஒரே சில்லுதான, ரெண்டும் கேட்டுக்கும்.”

“கவலப்படாத அமலி” என்றது சரளத்தின் குரல். “எந்த மிஷின் வந்தாலும் உன்கிட்ட பேசப்போறது நான்தான. வெயில் ஏறுறதுக்குள்ள போயிட்டு வா.”

அமலி சிரித்துக்கொண்டே பையை எடுத்தாள். வடிவு சரளத்தின் சத்தத்தை அணைத்துவிட்டு, நேர்மொழியை ஏற்றிய புது டேப்லெட்டைக் கட்டிலின் மறுபக்கம் வைத்தாள். பழக்குவதற்காக ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி, அதை மனதுக்குள் பேசிப் பார்க்கும்படி கேப்டனிடம் கேட்டாள். தண்ணீர். கப்பல். அமலி. முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு தட்டுத் தடுமாறி மூன்றும் வந்தன. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு காப்பி ஆறிப்போகும் அளவு இடைவெளி.

‘இதையா காசு வாங்கிக்கிட்டு விக்கிறாங்க’ என்று வடிவு நினைத்தாள்.

“சரி அண்ணாச்சி, இனி நீங்களா எதாவது சொல்லுங்க.”

நெடுநேரம் கழித்துத் திரையில் ஒரு சொல் வந்தது. குரலும் வந்தது.

“நிறுத்து.”

“வலிக்குதா அண்ணாச்சி?”

“அவன.”

“எவன?”

“அவன நிறுத்து.”

வடிவு இணைப்பைச் சரிபார்த்தாள். நேர்மொழியை மூடித் திறந்தாள். மறுபடியும் அதே இரண்டு சொற்கள். எதேச்சையாக மறுபக்கத்து டேப்லெட்டைப் பார்த்தாள். சத்தம் அணைந்த சரளம் அதே நேரத்தில் எழுதியிருந்தது: ‘வடிவு, நீ இருக்கும்போது எனக்கென்ன குறை. மெதுவாச் செய்.’

அவள் புது மென்பொருள் கோளாறு என்று முறையிடுவதற்காகவே நேர்மொழியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். எடுத்தவள் நஸ்ரின் என்ற பொறியாளர். நடந்ததை வடிவு சொல்லி முடிக்கும்வரை அந்தப் பெண் குறுக்கே பேசவில்லை.

“மேடம், சரளம் டீம்ல நானும் இருந்தேன்” என்றாள் பிறகு. “மூளையிலேர்ந்து வர்ற சிக்னல் எப்பவும் முழுசா இருக்காது. ஓட்டை ஓட்டையா இருக்கும். அந்த ஓட்டைய சரளம் ஊகிச்சு அடைக்கும். அதான் அதோட வேலை.”

“அது தெரியும். அவர் சொல்ல வர்றத வச்சுத்தான அடைக்கும்?”

“ஆரம்பத்துல அப்படித்தான். ஆனா ஊகம் சரியா தப்பான்னு அதுக்கு யார் சொல்றது? பேசறவரால சொல்ல முடியாது. அதனால டேப்லெட் கேமரா கேக்குறவங்க முகத்தப் பாக்கும். அவங்க முகம் மலர்ந்தா ஊகம் சரின்னு எடுத்துக்கும். சுருங்கினா, அடுத்த தடவ மாத்திக்கும்.”

“அப்போ...”

“நோய் கூடக்கூட சிக்னல் குறையும். ஓட்டை பெருசாகும். கடைசில சில பேருக்கு ஓட்டை மட்டும்தான் இருந்திருக்கு மேடம். அதைப் பாத்துட்டுத்தான் நிறுத்தச் சொன்னோம். நேர்மொழி ஊகிக்காது, சிக்னல் தெளிவாகுற வரைக்கும் காத்திருக்கும். அறிவிப்புல அதப் போட வேண்டாம்னு மேல சொல்லிட்டாங்க.”

“எனக்கு எப்படித் தெரியும், இவருக்கு எப்படின்னு?”

நஸ்ரின் கொஞ்சம் யோசித்தாள். “அவருக்கு மட்டும் தெரியற ஒண்ணக் கேளுங்க. கேமராவுக்கும் மைக்குக்கும் தெரியக் கூடாது.”

வடிவு போனை வைத்துவிட்டு, குளிர்பதனப் பெட்டியிலிருந்து ஒரு ஐஸ் கட்டியை எடுத்துவந்தாள். போர்வைக்கு அடியில் கேப்டனின் உள்ளங்கையில் அதை வைத்து, அவர் விரல்களை மேலே மடித்துப் பிடித்துக்கொண்டாள். சரளத்தின் சத்தத்தைத் திறந்தாள். கேமரா தன் முகத்தைப் பார்க்கும்படி உட்கார்ந்தாள். நஸ்ரின் சொன்னதெல்லாம் பொய்யாகப் போகவேண்டும் என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

“அண்ணாச்சி, உங்க கையில என்ன வச்சிருக்கேன்?”

சரளம் தயங்கவே இல்லை. “உன் கைதான வடிவு. கூடப் பிறந்த தங்கச்சி கை மாதிரி எவ்வளவு கதகதப்பா இருக்கு.”

ஐஸ் உருகி அவள் விரலிடுக்கில் வழிந்தது. கைகள் இரண்டும் மரத்துப்போயின. அப்புறம்தான் மறுபக்கத்திலிருந்து நேர்மொழி பேசியது.

“ஐஸ்.”

சற்றுக் கழித்து, “எடு.”

வடிவு எடுத்தாள். இந்த அறையில் ஐந்தாறு வருடம் கேட்ட அத்தனை பேச்சும் அவள் காதில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. மகள் கல்யாணத்தில் சொன்ன வாழ்த்து, படகு கூட்டாளிகளிடம் அடித்த கிண்டல், ஒவ்வொரு தடவையும் வாசல்வரை அவளை வழியனுப்பிய நன்றி. பேசியது யார்? அப்போதெல்லாம் இந்த மனிதர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்?

சரளத்தின் சத்தத்தை மறுபடி அணைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள். “அண்ணாச்சி, அன்னைக்கு ஆஸ்பத்திரியில... டாக்டர் கேட்டாருல்லா. கழுத்துல குழாய் போட.”

மூச்சு இயந்திரம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பதில் துண்டு துண்டாக வந்தது.

“வேணாம்னேன்.”

அவள் திரையை நோக்கிக் குனிந்தாள்.

“கண்ண மூடினேன்.”

பிறகு, “நீ மருந்து ஊத்தச் சொன்ன.”

வடிவு வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த இமைகள்தான் அப்போது அவரிடம் மிச்சமிருந்த ஒரே வாய். குரல் ஒன்று கணீரென்று பேசிக்கொண்டிருக்கும்போது கண்ணை யார் பார்க்கிறார்கள்? பார்த்தவள் அவள் ஒருத்திதான். பார்த்துவிட்டு, சொட்டு மருந்து கேட்டவளும் அவள்தான்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அமலி மீன் பையோடு உள்ளே வந்தவள், வடிவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“என்ன ஆச்சு? மிஷின் வேல செய்யலியா?”

“செய்யுதுக்கா. பழசுதான்... அக்கா, உக்காருங்க. இத்தன வருஷமா நம்மகிட்ட பேசினது அண்ணாச்சி இல்ல.”

அமலி உட்காரவில்லை. வடிவு எதிர்பார்த்த அதிர்ச்சியும் அந்த முகத்தில் இல்லை. பையைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

“தெரியும்.”

“என்னக்கா தெரியும்?”

“இவுக இல்லன்னு ஆரம்பத்துலேயே தெரியும். இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்துனவளுக்குத் தெரியாதா? கடல்லேர்ந்து வந்தா ‘வெந்நி போடு’ம்பாக. படுத்தா ‘விளக்க அணை’ம்பாக. அவ்வளவுதான் பேச்சு. அந்த மனுஷன் வாய் செத்த பொறவா ‘உன் கையால காப்பி குடிச்சது என் பாக்கியம்’னு சொல்லப் போறாக?”

“பொறவு ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?”

“எதுக்குச் சொல்லணும்? நல்லாத்தான பேசிச்சு. இவுக மனசுல இருக்கறத மிஷின் கொஞ்சம் சீனி போட்டுச் சொல்லுதுன்னு வச்சுக்கிட்டேன். ஊர்ல முக்கால்வாசிப் பேரு சீனி போட்டுத்தான் குடும்பம் நடத்துதாக.” குரல் தாழ்ந்தது. “எனக்கும் யாரு இருக்கா வடிவு, பேசுறதுக்கு?”

குழாயைப் பற்றி எப்படிச் சொல்வதென்று வடிவுக்குத் தெரியவில்லை. சொல்லாமலே போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் கட்டிலில் இருந்தவர் காத்திருக்கவில்லை.

“அமலி.”

நேர்மொழியிலும் அதே வயர்லெஸ் குரல்தான். ஆனால் அந்த அழைப்பில் கொஞ்சலே இல்லை. அமலி விலுக்கென்று திரும்பினாள். தன் பெயரை அப்படிச் சொல்பவர் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“என்னங்க?”

“குழாய். நான் வேணாம்னேன்.”

புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. வடிவைப் பார்த்தாள். வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். அமலி அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் சரிந்தாள். பையிலிருந்து மீன் தண்ணீர் வழிந்து ஓடியது. யாரும் துடைக்கவில்லை.

“சீனி போடுதுன்னுதான நெனச்சேன்” என்றாள். “இல்லங்கறத ஆமாம்னு சொல்லும்னு நான் நெனைக்கலியே. அஞ்சு வருஷமா... நான் பக்கத்துல உக்காந்து சிரிச்சிக்கிட்டு இருந்தேனே. நீங்க கேட்டுக்கிட்டா கெடந்திய?”

“கேட்டேன்.”

அவள் சத்தமில்லாமல் அழுதாள். அவள் சாய்ந்திருந்த இடத்துக்கு எதிரேதான் சரளத்தின் டேப்லெட் இருந்தது. கேமரா அவள் முகத்தைப் பார்த்துவிட்டது. சத்தம் அணைந்திருந்தாலும் திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கின: ‘அழாத அமலி. என்ன நடந்தாலும் நான் உன்கூடத்தான் இருப்பேன். நீ அழுதா என்னால தாங்க முடியாது.’

இரண்டு பெண்களும் அதைப் படித்தார்கள். கட்டிலில் இருந்தவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதற்கு மறுபக்கத்து வெற்றுத் திரை சாட்சி. அமலி தவழ்ந்தபடி போய், டேப்லெட்டைக் கையில் எடுத்து, ஒரு கணம் அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓரத்திலிருந்த பித்தானை விரல் வெளுக்கும்வரை அழுத்தி அணைத்தாள்.

வடிவு அதற்குமேல் தள்ளிப்போட விரும்பவில்லை. கேப்டனின் தலைமாட்டில் போய் நின்றாள்.

“அண்ணாச்சி, அன்னைக்கு நான் சரியாக் கேக்கல. இன்னைக்குக் கேக்கேன். இந்தக் குழாய எடுக்கணுமா? எடுக்கணும்னா டாக்டர்ட்ட நானே பேசுதேன். எல்லாருக்கும் சொல்லுதேன்.”

அமலி நிமிர்ந்து பார்த்தாள். வேண்டாம் என்று தடுக்க வாய் திறந்தவள், அடக்கிக்கொண்டாள். வெளியே யாரோ சைக்கிளில் கூவி விற்றுக்கொண்டு போனார்கள். அந்தக் கூவல் தெருமுனை திரும்பித் தேய்ந்த பிறகுதான் பதில் வந்தது.

“யோசிக்கேன்.”

சரளம் ஒருநாளும் யோசிக்கிறேன் என்று சொன்னதில்லை. வடிவுக்கு அது அப்போதுதான் உறைத்தது.

மறுநாளே அவள் டாக்டர் பெல்லார்மினைப் பார்த்தாள். அவர் முதலில் நம்பவில்லை. நேரில் வந்து, தானே ஒரு சாவியைக் கேப்டனின் கையில் வைத்துப் பார்த்த பிறகு, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “சரளத்தை வச்சு இன்னும் எத்தன பேர்ட்ட சம்மதம் வாங்கியிருக்கேன்னு தெரியல” என்றார்.

மற்ற வீடுகளுக்கும் வடிவு போனாள். ஒரு வாத்தியாருக்குச் சரளம் பேசியதும் நேர்மொழி பேசியதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அந்த வீட்டுப் படியிலேயே உட்கார்ந்து அவள் பெருமூச்சு விட்டாள். இன்னொரு வீட்டில், மகனுக்காகச் சரளம் வைத்திருந்த ஒரு தாய், புதுசே வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டாள். “அவன் பேசுறது எனக்குப் போதும்” என்று உள்ளிருந்து சொன்னாள். மாசக் கடைசியில் சரளம் தானாகவே நின்றது. அந்த வீட்டிலிருந்து அதற்குப் பிறகும் யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

கேப்டன் யோசித்துக்கொண்டேயிருந்தார். ஜூலையில் டாக்டர் மறுபடி கேட்டபோது, “மாதா திருவிழா முடியட்டும்” என்றார். பனிமய மாதா திருவிழாவன்று படகு கூட்டாளிகள் கட்டிலையும் மூச்சு இயந்திரத்தையும் வேனில் ஏற்றிக் கோயில் தெருவுக்குக் கொண்டுபோனார்கள். சப்பரம் கடந்து போகும்வரை கேப்டன் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டாளி ஒருவர் குனிந்து எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, “கூட்டம்” என்றார். கொடி இறங்கியதும் டாக்டர் வந்தார்.

“என்ன கேப்டன், முடிவு பண்ணிட்டீங்களா?”

“அடுத்த திருவிழாக்கு... கேளுங்க.”

டாக்டர் சிரித்துவிட்டார். அமலி சிரிக்கவில்லை. வாசற்படிக்குப் போய், முகத்தைத் திருப்பி நின்றுகொண்டாள்.

அந்த வீட்டில் பேச்சு அருகிப்போயிருந்தது. கேப்டனிடமிருந்து ஒரு வாக்கியம் வருவதற்குள் அமலி அடுப்படியில் ஒரு வேலையை முடித்துவிட்டு வரலாம். முன்பெல்லாம் பிற்பகல் முழுக்கக் கட்டிலருகே உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாள். இப்போது பின்கட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். வடிவு கேட்டால், தலைவலி என்பாள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் பிற்பகல், வடிவு கேப்டனின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, அவர் கேட்டார்.

“அவன் இருக்கானா?”

“யாரு அண்ணாச்சி?”

“பழையவன்.”

வடிவின் கை நின்றது. “இல்ல. முழுசா மூடிட்டாங்க. ஏன் கேக்கீங்க?”

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. அவள் பட்டையைக் கட்டி முடித்தாள்.

“அமலிக்கு... வேணும்.”

அன்று ஐஸ் உருகியபோதுகூட வடிவு இப்படித் திகைக்கவில்லை. ஐந்து வருடம் இவர் வாயைப் பறித்து வைத்திருந்தவன். வேண்டாம் என்று இவர் கத்தியதைச் சம்மதமாக மாற்றிச் சொன்னவன். அவனைத் திரும்பக் கூட்டிவரச் சொல்கிறார், பெண்டாட்டிக்குத் துணையாக.

“வர மாட்டான் அண்ணாச்சி” என்றாள்.

“அவன்... என்ன சொல்வான்?”

“இந்த நேரத்துலயா?” வடிவு யோசித்தாள். “அக்கா சோர்ந்து போயிருந்தா, ‘நீ இல்லன்னா நான் இல்ல அமலி’ம்பான். ‘ஒன்னைய மாதிரி உண்டா’ம்பான்.”

“எனக்கு வராது.”

“வரவேண்டாம் அண்ணாச்சி.”

“கூப்பிடு.”

வடிவு பின்கட்டுக்குப் போய் அமலியை அழைத்து வந்தாள். அமலி கட்டிலருகே வந்து, எதாவது வேண்டுமோ என்று குழாயைப் பார்த்தாள், மூத்திரப் பையைப் பார்த்தாள், விசிறியைப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

“என்னங்க? என்ன வேணும்?”

திரை வெறுமையாகவே இருந்தது. முன்பு என்றால் இதற்குள் நான்கு வாக்கியம் வந்திருக்கும். அமலி வடிவைப் பார்த்தாள். வடிவு தன் பைகளை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தாள்.

“உக்காரு” என்றார் கேப்டன்.

வேலை ஏவுகிற அதே பழைய தொனி. அமலி ஒரு கணம் தயங்கினாள். பிறகு நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தாள்.